நாலு மணி நேர மறதி

தப்பு செய்கிறவர்களுக்குப் போன் பண்ணுவதுதான் என் வேலை. ஒழுங்காக இருக்கிறவர்களுக்கு என் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது.

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏதோ பள்ளிக்கூட டீச்சர் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தில் வேலை பார்க்கிறேன். தனியாக வாழ்கிறவர்களின் இதயம் மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகிறதா என்று அங்கே பார்க்கிறார்கள். ஐம்பதைத் தாண்டிய, தனியாகக் குடியிருக்கிற முந்நூறு பேர் ஓராண்டுக்குத் தங்கள் தகவல்களை எங்களுக்குத் தானமாகக் கொடுத்தார்கள். ரத்ததானம் மாதிரிதான், ஊசி மட்டும் கிடையாது. நாங்கள் தருகிற கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். துடிப்பு, நடை, தூக்கம் எல்லாம் அதிலிருந்து மையத்துக்கு வந்து சேரும். போனில் ஒரு செயலி. அன்றைக்கு அந்தப் போனில் எத்தனை பேரோடு எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று அது எண்ணிச் சொல்லும். என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆளுக்கு ஒரு எண்.

என் மேஜைத் திரையில் முந்நூறு பச்சைப் புள்ளிகள். பகல் வேளையில் ஒரு கடிகாரம் நாலு மணி நேரத்துக்கு மேல் எதையும் அனுப்பாவிட்டால் அந்தப் புள்ளி சிவப்பாகிவிடும். அரை மணிக்குள் நான் அந்த ஆளைக் கூப்பிட வேண்டும். என்ன கேட்க வேண்டும் என்பதை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து கேள்வி, மூன்று நிமிடம். “சாப்பிட்டாச்சா?” என்று கேட்கக்கூடாது. அக்கறையாக நாலு வார்த்தை பேசினால் அவர்களுடைய தனிமை குறைந்துவிடுமாம், ஆய்வு கெட்டுவிடுமாம். வேலைக்குச் சேர்ந்த அன்று இதைப் படித்துவிட்டு எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. என் வீட்டில் என்னிடம் யாரும் சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லை. அங்கே யாரும் இல்லை என்பதுதான் காரணம். கல்யாணம், விவாகரத்து இரண்டையும் முப்பது வயதுக்குள் முடித்துவிட்டவள் நான். அதற்கப்புறம் பதினாறு வருஷம் ஓடிவிட்டது.

நூற்றுப் பதினேழாம் எண்காரரை எனக்குள் ‘கண்ணாடிக்காரர்’ என்றுதான் சொல்லிக்கொள்வேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். அறுபத்தொரு வயது. ஆஸ்பத்திரிக் கூடத்தில் நாங்கள் மேஜை போட்டு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தபோது வந்தார். ஒப்புதல் படிவம் ஒன்பது பக்கம். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே எல்லோரும் “எங்க கையெழுத்துப் போடணும்?” என்பார்கள். இந்த மனுஷர் உட்கார்ந்து ஒன்பது பக்கத்தையும் படித்தார். நாற்பது நிமிடம். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“சார், இது வீட்டுப் பத்திரம் இல்ல. படிச்ச வரைக்கும் போதும், போட்டுடுங்க.”

“ஆறாம் பக்கத்துல ஒண்ணு இருக்கு” என்றார். “நாலு மணி நேரத்துக்கு மேல தகவல் வரலைன்னா கூப்பிடுவோம்னு. நான் எடுக்கலைன்னா?”

“மூணு தடவை பார்ப்போம். அப்பவும் எடுக்கலைன்னா வீட்டுக்கே ஆள் அனுப்புவோம்.”

“அன்னைக்கேவா?”

“அன்னைக்கேதான். ஏன், ஓடிப்போகப் போறீங்களா?”

அவர் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். “உங்க கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருக்கு. தலைவலி வருமே?” என்றார்.

“வரும். இப்பக்கூட வந்திருக்கு” என்றேன்.

அவர் ஏன் கையெழுத்துப் போட்டார் என்பது எனக்கு ஓராண்டு முடியப்போகிற சமயத்தில்தான் தெரிந்தது. கதை சொல்கிறவர்கள் இந்த மாதிரி விஷயத்தைக் கடைசிவரை ஒளித்து வைத்திருப்பார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியமும் இல்லை, பொறுமையும் இல்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஒரு தம்பி இருந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், அவனும் தனிக்கட்டை. அண்ணன் தம்பிக்குள் சண்டை ஒன்றும் இல்லை, பேச ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை காலை குளியலறை வாசலில் விழுந்து செத்துப்போனான். திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லையே என்று கம்பெனி ஆள் போய்க் கதவை உடைத்தபோதுதான் தெரிந்தது. அண்ணன் போய்த் தம்பியின் போனை எடுத்துப் பார்த்தார். அந்த இரண்டு நாளில் ஒரு அழைப்புகூட வரவில்லை. தவறவிட்ட அழைப்பு என்று ஒன்றுகூட இல்லை. அவரும் கூப்பிட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு அவருக்கு இருந்த பயம் ஒன்றுதான். சாவது பற்றி இல்லை, செத்தது தெரியாமல் கிடப்பது பற்றி. ஆறாம் பக்கத்தில் இருந்த அந்த ஒரு வரிக்காகத்தான் தன் துடிப்பு, நடை, தூக்கம் எல்லாவற்றையும் எங்களிடம் எழுதிக் கொடுத்தார்.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. ஏதோ நல்ல மனசு, அறிவியலுக்கு உதவுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடிகாரத்தை மாட்டிவிட்டு, அதற்குச் சார்ஜ் ஏற்றுகிற தட்டை வீட்டில் வைத்துக் காட்ட வேண்டும். அதற்காக ஒரே ஒரு நாள் அவர் வேலை செய்யும் இடத்துக்கும் வீட்டுக்கும் போனேன். கடையின் முன்பக்கம் கண் கூசுகிற வெளிச்சம், சிரித்த முகத்தோடு இரண்டு விற்பனைப் பெண்கள். பின்கதவைத் தள்ளினால் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத அறை. தேய்க்கும் இயந்திரத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. லென்ஸ் பொடி கலந்து பால் மாதிரி வெளுத்த தண்ணீர் குழாய் வழியாக வாளியில் விழுந்தது. லென்ஸின் நடுவைக் கண்டுபிடித்து மூன்று புள்ளி வைக்கிற கருவி ஒன்று. ஃபிரேமைச் சூடாக்கி வளைக்க ஒரு வெப்பக்காற்று அடுப்பு. சுவரில் ஒரு சின்ன ஜன்னல். ஆர்டர் சீட்டு அது வழியாக உள்ளே வரும், முடிந்த கண்ணாடி அது வழியாகவே வெளியே போகும்.

“இத்தனை வருஷத்துல எத்தனை பேருக்குக் கண்ணாடி போட்டிருப்பீங்க சார்?”

“அது இருக்கும் ஏகப்பட்டது. யார் மூஞ்சியும் பார்த்ததில்ல.”

அவருக்கு ஆட்கள் எல்லாம் பவர்தான். மைனஸ் ஆறு, பிளஸ் இரண்டேகால், இடது கண்ணில் சாய்வு உள்ளவர். இரண்டு கண்மணிக்கு நடுவே அறுபத்திரண்டு மில்லிமீட்டர் என்று சீட்டில் இருந்தால் அறுபத்திரண்டுதான். அறுபத்தொன்றரை என்று ஒருநாளும் போகாது. பத்தொன்பது வயதில் அந்த அறைக்குள் நுழைந்தவர். முதலாளி மாறினார், முதலாளியின் மகன் வந்தான், இயந்திரம் மூன்று தடவை மாறியது. இவர் மட்டும் அப்படியே.

வீடு மூன்றாவது மாடியில். ஒரு அறை, ஒரு சமையல் இடுக்கு. மேஜையில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கழுவிக் கவிழ்த்திருந்தன. நாற்காலி ஒன்றுதான். நான் அதில் உட்கார்ந்ததும் அவர் சுவரோரமாக நின்றுகொண்டார். நான் கிளம்புகிறவரை நின்றுகொண்டேதான் இருந்தார்.

முதல் தடவை அவர் புள்ளி சிவந்தது இரண்டாவது வாரத்தில். நிஜமாகவே சார்ஜ் தட்டில் வைத்துவிட்டு மறந்திருந்தார். கூப்பிட்டேன். முதல் மணி முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்.

“ஆய்வு மையத்திலேர்ந்து பேசறேன். உங்க வாட்ச் தகவல் அனுப்பல. ஏதாவது பிரச்சினையா?”

“கூப்பிட்டுட்டீங்களே!” என்றார். லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது குரல். “சொன்ன மாதிரியே கூப்பிட்டுட்டீங்க!”

ஐந்து கேள்வியும் கேட்டு முடித்தேன். வைக்கப் போகும்போது, “தலைவலி எப்படி இருக்கு?” என்றார். தாளில் அதற்குப் பதில் இல்லை. “அப்படியேதான் இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்புறம் மாதம் ஒரு தடவையாவது இது நடந்தது. எப்போதும் செவ்வாய்க்கிழமை. கடைக்கு விடுமுறை அன்றுதான். காலையில் கடிகாரத்தைக் கழற்றுவார், மத்தியானம் புள்ளி சிவக்கும், நான் கூப்பிடுவேன். “மறந்துட்டேம்மா, வயசாச்சு பாருங்க.” முதலில் ‘மேடம்’ என்று ஆரம்பித்தவர் எப்போது ‘அம்மா’வுக்கு மாறினார் என்று தெரியவில்லை. மூன்று நிமிடம் ஐந்தாகி, ஐந்து ஒன்பதாகிவிட்டது. நானும் தாளைக் குப்புறப் போட்டுவிடுவேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அது பிடித்திருந்தது. என் அக்கா தினமும் காலையில் ஒரு பூவின் படம் அனுப்புவாள். என் போனுக்கு வருகிற சொந்தபந்தம் அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய கல்யாணக் கதையைக் கேட்டேன்.

“பண்ணிக்கல. ஒருத்தங்களப் பிடிச்சிருந்துச்சு. மைனஸ் நாலரை, ரெண்டு கண்ணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை கண்ணாடிய உடைச்சுட்டு வருவாங்க. ஜன்னல் வழியா குரல் மட்டும் கேக்கும். நல்ல சிரிப்பு.”

“போய்ப் பேச வேண்டியதுதானே சார்?”

“ஒரு நாள் கண்ணாடிய நானே குடுக்கலாம்னு கையக் கழுவிட்டு முன்னாடி வந்தேன். அதுக்குள்ள போயிட்டாங்க. அடுத்த தடவை வந்தப்போ சீட்டுல வேற வீட்டு விலாசம். கல்யாணம் ஆயிடுச்சுன்னாங்க.”

“அட கடவுளே! கையக் கழுவப் போனதுல கல்யாணம் போச்சா?”

அன்றைக்குத்தான் அவர் சிரித்து முதல் தடவையாகக் கேட்டேன். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இப்படியே போயிருக்கும். பத்தாவது மாத முடிவில் எல்லா இடைவெளிகளையும் பட்டியல் போட்டுப் புரொபசரிடம் கொடுக்க வேண்டி வந்தது. புரொபசர் என்பவர் ஆய்வின் தலைவர், என்னைவிட நாலு வயது சின்னவர், தங்கமான மனுஷர், விதி என்று வந்துவிட்டால் மட்டும் கல். பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இருபத்து மூன்றாம் எண்: ஐந்து மணி நேரம் பன்னிரண்டு நிமிடம், ஒன்பது மணி நேரம் நாற்பது நிமிடம். எண்பதாம் எண்: ஆறரை மணி நேரம். மனுஷ மறதி அப்படித்தானே இருக்கும். நூற்றுப் பதினேழாம் எண்ணுக்கு வந்தேன். நாலு மணி நேரம் ஐந்து நிமிடம். நாலு மணி நேரம் ஐந்து நிமிடம். நாலு மணி நேரம் ஆறு நிமிடம். நாலு மணி நேரம் ஐந்து நிமிடம். முதல் ஒன்றைத் தவிர எல்லாமே அப்படி.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. லென்ஸை அரை மில்லிகூடப் பிசகாமல் தேய்க்கிற ஆளுக்கு மறந்துபோன மாதிரி நடிக்கக்கூட உத்தேசமாக வரவில்லை. நாலு மணி நேரம் தாண்டினால்தான் கூப்பிடுவோம் என்று படிவத்தில் போட்டிருக்கிறது. கடிகாரத்தைக் கழற்றி வைத்து, மணி பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, நாலு மணி நேரம் முடிந்ததும் ஐந்து நிமிடம் கூடுதலாக விட்டு, மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறார். வேண்டுமென்றே.

அதே வாரம் செவ்வாய்க்கிழமை புள்ளி சிவந்தது. பதினோராவது இடைவெளி. பன்னிரண்டு வந்தால் ஆள் நீக்கம், அவர் அதுவரை கொடுத்த அத்தனையும் அழிக்கப்படும் என்பது விதி. அது எட்டாம் பக்கத்தில் இருக்கிறது, அதையும்தான் படித்திருக்கிறார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை நாள் நான் ரசித்துச் சிரித்ததெல்லாம் ஒரு மனுஷர் பட்டனை அமுக்கி வரவழைத்த சிரிப்பா என்று இருந்தது.

“சார், நீங்க மறக்கல. வேணும்னே கழட்டி வைக்கிறீங்க. பட்டியல் என் கையில இருக்கு.”

அந்தப் பக்கம் கடிகாரப் பட்டையைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

“உங்களுக்காக நான் மூணு நிமிஷத்த ஒன்பது நிமிஷமா ஆக்கிப் பேசினேன். என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கு? வேலை வெட்டி இல்லாதவ மாதிரியா?”

“இல்லம்மா...”

“இன்னும் ஒண்ணு ஆச்சுன்னா பத்து மாசம் குடுத்தது மொத்தமும் குப்பைக்குப் போகும். தெரியும்ல? இனிமே உங்க வாட்ச் நின்னாலும் சரி, எது நின்னாலும் சரி, நான் கூப்பிட மாட்டேன். யார்கிட்ட வேணும்னாலும் பேசிக்கோங்க!”

வைத்துவிட்டேன். என் வாய் அப்படி. அடுத்த நிமிடமே சே என்று ஆகிவிடும், ஆனாலும் திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. விதியும் அதற்கு இடம் கொடுக்காது. புள்ளி பச்சையாக இருக்கிறவரை நான் கூப்பிடக்கூடாது.

அதற்கப்புறம் ஏழு வாரம் புள்ளி பச்சையாகவே இருந்தது. நல்ல பிள்ளையாகக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே இருந்தார். எங்களுக்குக் கிடைத்த தகவல்களிலேயே அவ்வளவு சுத்தமானது வேறு இல்லை. எனக்குத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மற்ற புள்ளிகளை விட்டுவிட்டு அவருடைய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். காலையில் மூன்று மாடி இறங்குவார், இருநூறு அடி நடப்பார், திரும்பி ஏறுவார். பால் வாங்கியிருப்பார். அப்புறம் சாயங்காலம்வரை பத்தடி, இருபதடி. தூக்கம் மூன்று மணி நேரம், இரண்டரை மணி நேரம் என்று குறைந்துகொண்டே வந்தது. பேசிய ஆட்கள் என்ற கட்டத்தில் பூஜ்யம். பழைய மாதங்களைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் பூஜ்யம்தான். ‘நான் பேசினேனே’ என்று ஒரு கணம் திகைத்துவிட்டேன். அப்புறம்தான் நினைவுக்கு வந்தது, மையத்தின் அழைப்புகளைச் செயலி எண்ணாது. பத்து மாதத்தில் அவரைத் தேடி வந்த போன் என்னுடையது மட்டும்தான், அதுவும் கணக்கில் இல்லை. அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆய்வு முடிய ஒரு வாரமே பாக்கி. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்குப் புள்ளி சிவந்தது.

உங்களிடம் மறைப்பானேன், எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இவ்வளவு சொல்லியும் இந்த மனுஷர் இப்படிச் செய்கிறாரே. கொஞ்சம் தவிக்கட்டும் என்று போனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் பச்சையாகிவிடும் என்று எனக்குத் தெரியும். ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. புள்ளி சிவப்பாகவே இருந்தது. பதினைந்து. கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இருபதாவது நிமிடம் போனைப் பிடுங்கி எடுத்தேன். அவர் விழுந்து கிடக்கிறார், நான் இங்கே கௌரவம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தார். நீளமாக மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“சார்! நல்லா இருக்கீங்களா? என்ன ஆச்சு?”

“நல்லா இருக்கேம்மா. கூப்பிட்டுட்டீங்க.”

“இது பன்னிரண்டாவது சார்.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சே ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? ஒரு வாரம்தானே பாக்கி?”

அப்போதுதான் தம்பியைப் பற்றிச் சொன்னார். சனிக்கிழமை, திங்கட்கிழமை, ஒன்றுமே வந்திராத அந்தப் போன், எல்லாம். ஒரே மூச்சில், ஆர்டர் சீட்டைப் படிக்கிற மாதிரி.

“மத்த நாள்னா கடையில தேடுவாங்க. செவ்வாய்க்கிழமைதான் பயம். உங்க வாட்ச் இருக்கு, நின்னா நீங்க கூப்பிடுவீங்க, அந்தத் தைரியத்துலதான் தூங்கினேன். வேலை செய்யுதான்னு அப்பப்போ பார்த்துக்குவேன். உங்ககூடப் பேசறதும் நல்லா இருக்கும், இல்லன்னு சொல்லல. நீங்க திடீர்னு இனிமே கூப்பிட மாட்டேன்னு சொல்லிட்டீங்க. கோவத்துல சொன்னீங்களா, நெசமாத்தான் சொன்னீங்களான்னு தெரியல. ஏழு வாரமா அதே யோசனை. இன்னைக்குப் பார்த்துடலாம்னு தோணுச்சு. நாலு மணி நேரம் ஆச்சு, நீங்க கூப்பிடல. அப்புறம் வாட்ச எடுத்துக் கட்டவே மனசு வரல.”

தூக்கம் குறைந்துகொண்டே போனதை ஏழு வாரம் திரையில் பார்த்தேன். அதற்குக் காரணம் என் வாய் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

“சார், நான் ஒண்ணு பண்றேன். வாட்ச் ரிப்பேர்னு எழுதிடறேன். இது உங்க கணக்குல வராது.”

“வேண்டாம்மா.”

“யாருக்கும் தெரியாது சார்.”

“தப்பான பவர எழுதிக் குடுத்தா அத வச்சு லென்ஸ் போடறவனுக்கு எப்படித் தெரியும்? எத்தனை பேருக்குத் தலைவலி வரும்? நீங்க உள்ளத எழுதுங்க.”

உள்ளதைத்தான் எழுதினேன். எழுதி எடுத்துக்கொண்டு புரொபசர் அறைக்குப் போனேன்.

“பன்னிரண்டுன்னா எடுத்துடணும். இதுல பேசறதுக்கு என்ன இருக்கு?” என்றார்.

“சார், தனிமை மனுஷன என்ன பண்ணுதுன்னுதானே பார்க்கறோம்? அது என்ன பண்ணுதுன்னு இந்த ஒரு ஆள் பண்ணிக் காட்டிட்டாரு. ஒரு போன் வரணும்னு பத்து மாசம் மணி பார்த்துட்டு உட்கார்ந்திருக்காரு. அவரத் தூக்கிட்டா மிச்சம் இருக்கறது யாரு? தனியா இருந்தாலும் சமாளிச்சுக்கற ஆளுங்கதான். அவங்கள வச்சு, தனிமை ஒண்ணும் அவ்வளவு மோசம் இல்லன்னு எழுதப் போறீங்களா?”

புரொபசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் தடவிக்கொண்டார். “மொத்தம் எத்தனை பேர எடுத்திருக்கோம்?”

“இவரோட சேர்த்துப் பதினாலு.”

“எல்லாரும் இப்படித்தானா?”

“தெரியாது சார். நான் கேட்டதில்ல. தாள்ல அந்தக் கேள்வியே இல்ல.”

புரொபசர் நான் எழுதியதை இன்னொரு தடவை படித்தார். பிறகு, நீக்கப்பட்டவர்களைப் பற்றி அறிக்கையில் ஒரு பத்தி எழுதலாம், நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார். ஆனால் விதி விதிதான், தகவலை அழிக்க வேண்டும், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் இவருக்கு ஒரு நியாயமா என்றார். அவர் பக்கமும் தப்பென்று சொல்ல முடியாது. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் நூற்றுப் பதினேழாம் எண்ணைக் கடைசித் தடவையாகக் கூப்பிட்டேன். நீக்கம் பற்றிச் சொல்வதற்கு மூன்று வாக்கியம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் பங்களிப்புக்கு நன்றி. விதிப்படி உங்கள் பதிவு நிறுத்தப்படுகிறது. கடிகாரத்தைத் திருப்பி அனுப்பவும். மூன்றையும் படித்தேன். இயந்திரம் ஓடுகிற சத்தம் பின்னால் கேட்டது, பிறகு நின்றது.

“குடுத்ததெல்லாம் அழிச்சாச்சாம்மா?”

“ஆமா சார்.”

“சரி. பரவாயில்ல.” பிறகு, “அப்போ ஆறாம் பக்கத்துல இருக்கறதும் இனிமே இல்ல” என்றார்.

“சார், நீங்க இனிமே ஆய்வுல இல்ல. உங்களக் கூப்பிடக்கூடாதுன்னு என்கிட்ட யாரும் சொல்ல முடியாது. நாளையிலேர்ந்து காலைல ஒன்பது மணிக்கு என் சொந்தப் போன்லேர்ந்து கூப்பிடறேன். தினமும். செவ்வாய்க்கிழமை மட்டும் இல்ல, தினமும்.”

அவர் யோசித்தார். நன்றி சொல்வார், வேண்டாம் என்பார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன்.

“எத்தனை நாளைக்கும்மா?” என்றார்.

எத்தனை நாளைக்கு என்று யார்தான் சொல்ல முடியும்? “பார்க்கலாம் சார்” என்றேன். என் காதுக்கே அது கேவலமாக இருந்தது.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கூப்பிட்டேன். அதற்கு மறுநாளும். பேச நிறைய இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. திருட்டுத்தனமாகப் பேசிய ஒன்பது நிமிடத்தின் சுகம் எதுவும் இந்த ஒன்பது மணிப் பேச்சில் இல்லை. “எழுந்துட்டீங்களா சார்?” “எழுந்துட்டேம்மா.” “சாப்பிட்டாச்சா?” “ஆச்சும்மா.” ஒரு நிமிடம்கூட ஆகாது. சில நாள் எனக்கே அலுப்பாக இருந்தது, பல் துலக்குகிற மாதிரி செய்துவிட்டு வேலைக்கு ஓடினேன். அவர் குரலிலும் சந்தோஷம் குறைந்து, ஒரு கவனம் வந்திருந்தது. என்றைக்கு நின்றுபோகும் என்று எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

நாற்பத்தாறு நாள் கூப்பிட்டேன். நாற்பத்தேழாவது நாள் மறந்துவிட்டேன்.

பெரிய காரணம் ஒன்றும் இல்லை. காய்ச்சல், மாத்திரை போட்டுப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனேன். வேலைக்கு வரமாட்டேன் என்று முந்தின ராத்திரியே மையத்துக்கு ஒரு வரி அனுப்பியிருந்தேன், சரி என்று ஒரு வார்த்தை வந்தது. அக்காவின் பூ வந்திருந்தது, மஞ்சளில். பத்தரை மணிக்குப் போன் அடிக்கிற சத்தத்தில் விழித்தேன். யாராவது கடன் அட்டை விற்கிறவனாக இருக்கும் என்று எரிச்சலோடு எடுத்தேன்.

“அம்மா?” கண்ணாடிக்காரர். அத்தனை மாதத்தில் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மூச்சு வாங்கியது. தெருவில் வண்டிகளின் சத்தம் கேட்டது. “கடையில சொல்லிட்டுக் கிளம்பிட்டேன். உங்க வீடு எந்தத் தெருன்னு தெரியல. எந்தப் பக்கம் வரணும்?”

“எதுக்கு சார் வர்றீங்க? என்ன ஆச்சு?”

“நீங்க கூப்பிடல.”

“அதுக்காக? ஒரு நாள் மறந்துட்டேன் சார், தூங்கிட்டேன்! அதுக்குப் போய் வேலைய விட்டுட்டு ரோட்டுல ஓடுவாங்களா? உங்களுக்கு அறிவு இருக்கா?” காய்ச்சல் குரலில் கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது, அதையும் மறைக்கத் தெரியவில்லை. நான் ஒருநாள் எழுந்திருக்காவிட்டால் யாருக்காவது தெரியுமா என்று பதினாறு வருஷமாக நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. நினைத்தால் பயமாக இருக்கும் என்பதால்தான் நினைக்கவில்லை.

அந்தப் பக்கம் அவர் நடையை நிறுத்தியது தெரிந்தது. ரொம்ப நேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டார்.

“மறந்துட்டீங்களா?” என்றார். “மறந்திருந்தாச் சரிம்மா.”